தனி அடுப்பு

எங்கள் புறநகரை நான் மேலேயிருந்து பார்ப்பவள். அந்த ஒரு விஷயத்தில் மேகத்துக்கும் எனக்கும் ஒற்றுமை. மற்றபடி நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்து பிடித்துக்கொள்ள, கையில் இடுக்கியோடு பார்க்கிறேன். கட்டடங்களை மரத்திலும் அட்டையிலும் சின்னதாகச் செய்து கொடுப்பது என் தொழில். நிஜத்தில் ஐந்நூறு மீட்டர் நடக்க வேண்டிய தெரு என் மேஜையில் ஒரு மீட்டர். செருப்புத் தேயாமல் ஊர் சுற்ற இதைவிட நல்ல பிழைப்பு கிடையாது.

அந்த வருடம் நகராட்சி என்னை ஊர் முழுவதையும் செய்யச் சொன்னது. தேர்தல் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வீடு கட்டி அதில் ஆள் வைத்திருப்பது எங்கள் ஊரில் இருபது வருடமாக நடக்கிறது. அனுமதி வாங்கியவர் ஒருவரும் இல்லை. அந்தப் பின்வீடுகளை அனுமதிப்பதா, எடுத்துவிடுவதா என்பதுதான் தேர்தலின் ஒரே கேள்வி. ஓட்டுப் போடும் முன் மக்கள் தங்கள் ஊரைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நூலகத்தின் மாடிக் கூடத்தை எனக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் அங்கே நானும் ஜன்னல் வெயிலும் மட்டும்தான் இருந்தோம்.

மூன்று மணிக்கு வெயில் மேற்கு ஜன்னல் வழியாக மேஜையில் ஏறும். உடனே என் ஊரில் சாயங்காலமாகிவிடும். நகக்கண் அகலமுள்ள வீடுகளெல்லாம் தெருவுக்குக் குறுக்கே நிழலை நீட்டிக்கொள்ளும். எனக்குக் கண் சொக்கும். கன்னத்தை மேஜை விளிம்பில் வைத்துக்கொள்வேன். பார்வை தெரு மட்டத்துக்கு இறங்கியதும் ஊர் பெரிதாகிவிடும். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பஸ் டிப்போவைத் தாண்டி, பசை வாசம் வீசும் தெருக்களில் நடந்துகொண்டேயிருப்பேன். எதிரில் ஒரு ஆளும் வரமாட்டார். அங்கே எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. என்னை உள்ளே வா என்று யாரும் கூப்பிட முடியாது, வெளியே போ என்றும் சொல்ல முடியாது. அந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விழித்ததும் குறைகள் திரும்பிவிடும். அதிலும் நகராட்சியின் திட்ட அதிகாரி மாடிப்படி ஏறி வந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பிடும்போதுகூடச் சட்டைப் பையில் அளவுநாடாவை வைத்திருப்பவர் என்பதால் ஊரே அவரை 'டேப்' என்றுதான் சொல்லும். நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் எதைக் காட்டினாலும் அது எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் யோசிப்பார்.

"அனுமதி வாங்கின வீடு வெளிர் மரத்துல. வாங்காத பின்வீடு கருமரத்துல. கொட்டகை, கார் ஷெட், ஸ்டோர் ரூம் இதெல்லாம் வேண்டாம்," என்றார் முதல் நாளே.

"எது வீடு, எது கொட்டகைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தனிக் கதவு, தனி அடுப்பு. ரெண்டும் இருந்தா வீடு. அடுப்பு இல்லேன்னா அது எவ்வளவு பெரிசா இருந்தாலும் வெறும் ரூம்தான். சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. ஆள் அனுப்பி எண்ணிப் பட்டியல் எடுத்தாச்சு. நூத்தி நாப்பத்தி மூணு."

பட்டியலைப் பார்த்து வெட்டினேன், ஒட்டினேன். கருமரம் கடினமானது, விரலைப் பதம் பார்க்கும். எழுபத்தொன்றாவது பின்வீட்டில் நின்றுவிட்டேன். அது டிப்போ தெருவில் நாய்கள் வளர்ப்பவரின் கொட்டகை. நாய்களுக்குக் கஞ்சி காய்ச்ச அவர் அதில் ஒரு அடுப்பு வைத்திருந்தார், கதவும் இருந்தது. அதனால் சட்டப்படி அது வீடு. நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பட்டியலைக் கடைசிவரை ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். அந்தப் பட்டியலில் என் வீடு இல்லை.

நான் இருப்பது என் அண்ணன் மனையின் பின்பக்கத்தில், பெரிய மரத்துக்கு அடியில். ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் மரம் மட்டும்தான் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் என் கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் செங்கல் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே நின்று கட்டினார். ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வுக்காகவே எனக்கு அந்தச் சுவரைப் பிடிக்கும்.

முதல் வருடம் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டேன். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அடுத்தவர் வீட்டில் தட்டு எடுத்துவைக்கிற சத்தம் கேட்டால்தான் சாப்பாடு தயார் என்று எழுந்து போவதும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க நாக்கு எழாமல் இருப்பதும் ஒரு மாதிரியான பசி. முதல் பெரிய வேலை கிடைத்ததும் இரண்டு பர்னர் அடுப்பு ஒன்று வாங்கினேன். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, யாருக்கும் பசிக்காத நேரத்தில், எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு வீடு வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கை எடுப்பவன் வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். அண்ணன் அவனிடம், "பின்னால தங்கச்சி ரூம் இருக்கு," என்று சொல்லியிருக்கிறார். அவன் ரூம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஆளில்லாத தெருவில்கூட இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார், தன் வீட்டு வாசலுக்குள் திரும்பவும் போடுவார். அவர் கண்ணுக்கு அது என் ரூம், அவ்வளவுதான். நாய்க்கு வீடு இருக்கிறது, எனக்கு ரூம் இருக்கிறது. மத்தியான வெயிலில் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வார்டில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் என் அண்ணன். 'ஒரு மனை, ஒரு வீடு' என்பது அவருடைய வாசகம். எதிரில் நின்றது நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். பின்வீடுகளுக்கு அனுமதி கொடுத்து, ஜன்னல் வைக்கச் சொல்லி, வாடகைக்கு உச்சவரம்பு போட வேண்டும் என்பது அவர் கட்சி. "ராத்திரி ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவங்களும் காலையில பஸ் ஓட்டுறவங்களும் எங்கதான் தூங்குவாங்க? தண்ணியிலயா?" என்று கேட்பார். அண்ணனை நான் குறை சொல்லவும் முடியாது. மழை பெய்தால் கழிவுநீர் தெருவுக்கு வருகிறது. போன வருடம் தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. காற்றே வராத பொந்துக்கு முழு வாடகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. நடுவில் நான் இருந்தேன்.

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்பு அண்ணன் மாடியேறி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றினார். எங்கள் தெருவைக் கண்டுபிடித்துக் குனிந்தார். அவர் வீடு வெளிர் மரத்தில் பளிச்சென்று இருந்தது. பின்னால், பஞ்சில் செய்து பச்சைச் சாயம் தோய்த்த மரம்.

"அழகா பண்ணியிருக்கேம்மா," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லணும். அந்த அடுப்பை எடுத்துடலாமா?" என்றார்.

"எந்த அடுப்பு?"

"உன் ரூம்ல இருக்கிறதுதான். நேத்துதான் சட்டத்தை முழுசாப் படிச்சேன். அடுப்பு இருந்தா அது கணக்குல வந்துடுமாம். எடுத்துட்டா வெறும் ரூம். யாரும் உன்னைக் கிளப்ப முடியாது. நீ பாட்டுக்கு இரு. சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வந்துடு. நீ என்ன வேத்தாளா?"

"வேத்தாள் இல்லதான்," என்றேன்.

"அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன். அவளுக்குச் சந்தோஷம்தான்."

"பாக்கலாம்ணே."

அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் 'பாக்கலாம்' என்றால் சரி என்றுதான் அர்த்தம்; மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. படியிறங்கிப் போகும்போது அவர் மெதுவாகச் சீட்டியடித்தது கேட்டது. என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. அவர்மேல் எனக்கு அப்போது வந்த அன்பையும் கோபத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமும் கன்னத்தை மேஜையில் வைத்தேன். தெருக்கள் வழக்கம்போலப் பெரிதாயின. ஆனால் இந்தத் தடவை ஊரில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பின்வீட்டிலிருந்தும் ஒருவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சிலர் தோளில், சிலர் இடுப்பில். ஒரு அடுப்பும் அணைந்திருக்கவில்லை. நீல நெருப்பு எரியஎரியத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், ஒருவர் கையும் சுடவில்லை. தெரு முழுக்க வெங்காயம் வதங்கும் வாசம். நானும் என் அடுப்பைத் தேடி அந்தப் பச்சை மரத்தடிக்குப் போனேன். மரம் வெறும் பஞ்சாக இருந்தது. அடியில் பலகை மட்டும்தான். நான் அங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு பசைத் துளிகூட இல்லை.

எழுந்தபோது கன்னத்தில் மேஜை விளிம்பு பதிந்திருந்தது. கருமரத் துண்டு ஒன்றை எடுத்தேன். பத்து மில்லிமீட்டருக்கு எட்டு. நான்கு பக்கமும் தேய்த்தேன். ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துத் தேய்த்தேன். ஒட்டத் தைரியம் வரவில்லை. வேலைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் அலைமோதிற்று. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை மேலேயிருந்து பார்த்ததும் குழந்தைகளாகிவிட்டார்கள். "ஏய், இது நம்ம வீடுடி," "இது நம்ம தெரு, இது பேக்கரி," என்று விரலை நீட்டினார்கள். கருமரக் கட்டைகள் இருந்த இடத்துக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது. தன் வீட்டுக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று இருப்பதைப் பார்த்த சிலர், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டாரா என்று பார்த்தார்கள். சில பின்வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் கறுப்புக் கட்டையைத்தான் முதலில் தேடினார்கள். ஒரு நர்ஸ் தன்னுடையதைக் கண்டுபிடித்து, சுட்டுவிரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினார்கள். டீச்சர் முடித்ததும் அண்ணன். நன்றாகத்தான் பேசினார். சாக்கடை, தீயணைப்பு வண்டி, ஜன்னல் இல்லாத அறைகள். முடிக்கப்போகும்போது நாய்க்காரர் கையைத் தூக்கினார். தன் கஞ்சிக் கொட்டகை வீடாகிவிட்ட ஆத்திரம் அவருக்கு.

"எல்லார் வீட்டுப் பின்னாலயும் எட்டிப் பாக்கிறீங்களே, உங்க வீட்டுப் பின்னால என்ன இருக்கு?"

அண்ணன் தயங்கவில்லை. "ஒரு ரூம் இருக்கு. என் தங்கச்சி இருக்கா. அடுப்பு கிடையாது," என்றார். சொல்லிவிட்டு, இல்லையாம்மா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நம்பிக்கையோடுதான் பார்த்தார். நான் தலையசைத்திருந்தால் போதும். அடுப்பை அன்று சாயங்காலமே தூக்கிப் போட்டிருக்கலாம், அவர் சொன்னது உண்மையாகியிருக்கும், நானும் காலமெல்லாம் மரத்தடியில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நர்ஸ் விரலால் தொட்டது எனக்குள் நின்றுவிட்டிருந்தது.

"இருக்குண்ணே," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இன்னிக்குக் காலையிலகூட அதுலதான் சமைச்சேன்."

இடுக்கியால் பச்சை மரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பையிலிருந்த கட்டையை எடுத்து, பசை தொட்டு, அவர் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நிமிர்ந்து அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணி கூட்டத்தின் ஓரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன்.

அண்ணன் மேஜைக்கு வந்து குனிந்து அந்தக் கட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "டேப் சார், பட்டியல்ல சேத்துக்கோங்க," என்றார். "நூத்தி நாப்பத்தி நாலு. நான் தெரியாம தப்பாச் சொல்லிட்டேன், எல்லாரும் மன்னிக்கணும். நான் ஜெயிச்சா முதல் நோட்டீஸ் என் மனைக்குத்தான்."

எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு கூடமே தட்டியது. நாய்க்காரர்கூடத் தட்டினார். நான் இடுக்கியைக் கையில் பிடித்தபடி மரமாக நின்றேன்.

அடுத்த நான்கு நாள் ஊர்ப்பேச்சு அதுதான். "சொந்தத் தங்கச்சின்னுகூடப் பாக்கலையே, இவன்தான்யா நேர்மையான ஆள்," என்று பேக்கரியில் என் காதுபடவே சொன்னார்கள். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. நான் டீச்சருக்கு ஓட்டுப் போட்டேன். பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு எதிராக நான் செய்த முதல் காரியம் அது என்று சொல்லலாம், இரண்டாவது என்றும் சொல்லலாம். இரண்டாலும் பயனில்லை. நகராட்சி முழுக்க அவர் பக்கம்தான் ஜெயித்தது; எங்கள் வார்டில் அண்ணன் நானூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயிக்கவைத்தவள் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பத்து மில்லிமீட்டருக்கு எட்டு அளவில் செய்து ஒட்டியிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு பிற்பகல். மழை விட்டு, மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். ஏழு வருடமாக அவர் அப்படித்தான் வருவார், கட்டியவர் அவர்தானே. கையில் ஒரு உறை.

"ஆள்கிட்ட குடுத்தனுப்ப மனசு வரல," என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். நகராட்சித் தாள். 'மேற்படி மனையின் பின்புறத்தில் அமைந்துள்ள அனுமதியற்ற தனி வீடு, எண் 144' என்று இருந்தது. முப்பது நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. கீழே வார்டு உறுப்பினர் என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்து, தெளிவாக, ஒரு எழுத்தும் சிதையாமல்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. தனி வீடு. நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஏழு வருடத்தில் அண்ணன் அந்த வார்த்தையை இதற்குச் சொன்னதே கிடையாது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, அதோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. அடுப்பில் இருந்தது அடிபிடிக்கும் வாசம் வந்தது. தீயைக் குறைத்தேன்.

"எங்கம்மா போவே?" என்றார் அண்ணன். அவர் குரல் உடைந்திருந்தது.

"தெரியலண்ணே."

"மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"அங்க அடுப்பு வெச்சுக்கலாமா?"

அவர் சாய்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது நாள் இருக்கில்ல?" என்றேன்.

"இருக்கு."

"அதுவரைக்கும் இது வீடுதானே? நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. வீடுதான்."

"அப்படின்னா தட்டிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வெளியே போனார், கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கதவு தட்டப்பட்டது. இரண்டு தடவை, மெதுவாக.

"யாரு?" என்றேன்.

"நான்தாம்மா, அண்ணன்," என்றது வெளியிலிருந்து குரல். "உள்ள வரலாமா?"